சான்லு பால் பவுடர் வழக்கு: புரத எண்ணை நம்பிய சோதனையும் நாற்பது நாள் மௌனமும்

2008 செப்டம்பர் 11ஆம் தேதி இரவு, சீனாவின் ஹெபெய் மாகாணத் தலைநகரான ஷிஜியாஜுவாங்கில் இயங்கிவந்த சான்லு நிறுவனம், ஆகஸ்ட் 6ஆம் தேதிக்கு முன்பு தான் தயாரித்த குழந்தைகள் பால் பவுடரில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருப்பதை ஒப்புக்கொண்டு, கடைகளில் இருந்த சுமார் 700 டன் பவுடரைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அன்று பகலில் செய்தியாளர்கள் கேட்டபோதுகூடத் தன் பொருளில் குறையேதும் இல்லை என்றே அந்த நிறுவனம் சொல்லியிருந்தது. சீன சுகாதார அமைச்சகம் டிசம்பர் தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கின்படி சுமார் 2,94,000 குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதைக் கோளாறு ஏற்பட்டிருந்தது; 51,900 குழந்தைகள் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டிருந்தனர்; 6 குழந்தைகளின் இறப்புக்கு இந்தப் பவுடர் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று அமைச்சகம் கூறியது.

இந்த வழக்கைப் பேராசை பிடித்த சில வியாபாரிகளின் கதையாகச் சொல்லி முடித்துவிடுவதே வழக்கம். பேராசை இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆவணங்களையும் நீதிமன்ற விசாரணையில் வெளிவந்த தகவல்களையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, கலப்படக்காரர் எதைக் கலக்க வேண்டும் என்பதை அரசின் சோதனை முறையே மறைமுகமாகத் தீர்மானித்துக் கொடுத்தது என்பதும், கலப்படம் தெரிந்த பிறகு அதைப் பெற்றோரிடமிருந்து மறைத்துவைக்க அரசு அலுவலகம் ஒன்றே துணைநின்றது என்பதும் தெளிவாகின்றன. பாலில் கலப்படம் எங்கே நடந்தாலும் இந்த வழக்கைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

எதை அளந்தார்கள்

பால் கொள்முதலில் புரதத்தைத் தனியே பிரித்து யாரும் எடை போடுவதில்லை. கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய யோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறையில், பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதைப் பாலுக்கென்று வைத்திருக்கும் 6.38 என்ற எண்ணால் பெருக்கிப் புரத அளவைக் கணக்கிடுகிறார்கள். பாலில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி புரதத்திலிருந்தே வருவதால், ஏமாற்றும் நோக்கம் யாருக்கும் இல்லாதவரை இந்தக் கணக்கு பிசகுவதில்லை. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் இந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

மெலமைன் என்பது உடையாத தட்டுகளும் மேசைகளின் மேல் ஒட்டும் பளபளப்பான தகடுகளும் செய்யப் பயன்படும் தொழிற்சாலை வேதிப்பொருள். வெண்ணிறத் தூள், மணம் கிடையாது, அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் முறையில் சோதித்தால் ஒரு கிராம் மெலமைன் ஏறக்குறைய 4.25 கிராம் புரதமாகக் கணக்கில் ஏறும். லிட்டருக்கு 30 கிராம் புரதம் உள்ள ஒன்பது லிட்டர் பாலில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கலந்தால் புரதம் லிட்டருக்கு 27 கிராமாக இறங்கிவிடும்; குறைந்துபோன அந்த மூன்று கிராமைச் சோதனைக் கருவியில் மீட்டுக் காட்ட லிட்டருக்கு முக்கால் கிராம் மெலமைன்கூடத் தேவைப்படாது. பத்து லிட்டர் கேனுக்கு ஏழு கிராம் தூள் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் பால் விலைக்குப் போய்விடும். இந்தக் கலப்படத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்தச் சிறு கணக்கில் அடங்கிவிடுகிறது.

மெலமைன் தண்ணீரில் எளிதாகக் கரைவதில்லை என்ற இடையூறையும் ஒருவர் தீர்த்துவைத்தார். மெலமைனை மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோடு சேர்த்துப் ‘புரதப் பவுடர்’ என்ற பெயரில் தயாரித்த சாங் யூஜுன், 2007 முதல் 2008 ஆகஸ்ட் வரை 770 டன்னுக்கு மேல் உற்பத்தி செய்து 600 டன்னுக்கு மேல் விற்றார் என்று நீதிமன்றம் கண்டறிந்தது. அவ்வளவு டன் சரக்கு மாதக்கணக்கில் கைமாறியிருக்கிறது என்றால், அது ஒளிவுமறைவான கடத்தலாக இருந்திருக்க முடியாது. பால் சேகரிப்பு நிலையங்களுக்கு வழக்கமாக வந்துபோகும் சரக்காகவே அது இருந்திருக்க வேண்டும்.

குழந்தையின் உடலில் நடந்தது இதன் மறுபக்கம். கைக்குழந்தைகளின் சிறுநீரில் யூரிக் அமிலம் பெரியவர்களுக்கு இருப்பதைவிட அதிகம். மெலமைன் அதனோடு சேர்ந்து சிறுநீரகத்தில் கல்லாகப் படிகிறது. பெரியவர் ஒருவர் நாளெல்லாம் உண்பவற்றில் பால் ஒரு பகுதிதான். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கோ மூன்று வேளையும் அந்தப் பவுடர்தான் உணவு. சிறுநீர் கழிக்கும்போது குழந்தை வீறிட்டு அழுவதையும், துணியில் மணல் போன்ற துகள்கள் படிந்திருப்பதையும், பிறகு சிறுநீரே வராமல் போவதையும் பெற்றோர் கண்டார்கள். இந்த வகைக் கற்கள் சாதாரண எக்ஸ்ரே படத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கிராமப்புற மருத்துவமனைகளில் காரணம் பிடிபடாமல் நாட்கள் கடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்பே கிடைத்த இரண்டு எச்சரிக்கைகள்

சீன அரசுக்கு இது எதிர்பாராத இடியாக வந்ததென்று சொல்ல இடமில்லை. 2004இல் அன்ஹுய் மாகாணத்தின் ஃபூயாங் பகுதியில், பெயருக்கு மட்டும் பால் பவுடராக இருந்த மாவை உண்ட குழந்தைகள் ஊட்டமின்றி வாடி, முகமும் தலையும் வீங்கி, குறைந்தது பன்னிரண்டு பேர் இறந்தார்கள். உறையில் அச்சிட்டிருந்த புரத அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் தொடர்பே இல்லை. அப்போது வெளியான போலிப் பவுடர் பட்டியலில் சான்லுவின் பெயரும் இடம்பெற்று, தவறு நேர்ந்துவிட்டது என்ற விளக்கத்தோடு நீக்கப்பட்டது. ஃபூயாங்கிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், பவுடரில் புரதம் போதிய அளவு இருக்கிறதா என்று பார்ப்பதாக மட்டும் சுருங்கியது என்பது என் மதிப்பீடு. புரதம் குறைந்த பவுடர் பிடிபடும் என்று தெரிந்த பிறகு, புரதத்தைக் கூட்டிக்காட்டும் பொருளுக்குச் சந்தை உருவானது.

இரண்டாவது எச்சரிக்கை 2007 வசந்த காலத்தில் வந்தது. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான கோதுமைப் புரதத்தில் மெலமைன் இருந்ததால், அதைக் கொண்டு தயாரித்த உணவை உண்ட நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. புரத அளவை உயர்த்திக் காட்டவே மெலமைன் சேர்க்கப்பட்டது என்பது அப்போதே உலகுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஏப்ரல் மாதத்தில் சீன அரசும் உணவுப் பொருட்களில் மெலமைன் சேர்க்கத் தடை விதிப்பதாக அறிவித்தது. தடை காகிதத்தில் இருந்தது. பாலில் மெலமைன் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனை எங்கும் தொடங்கப்படவில்லை. தடைசெய்த பொருளைத் தேடிப் பார்க்காத சட்டம் யாருக்குக் காவல் இருக்கும்?

இதற்கு மேல், சான்லு போன்ற பெரிய நிறுவனங்களுக்குத் தேசியத் தரக் கண்காணிப்புத் துறை ‘சோதனை விலக்கு’ வழங்கியிருந்தது. தரத்தில் நற்பெயர் பெற்ற பொருட்களை மூன்றாண்டுகளுக்கு அரசு அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை என்பது அந்த ஏற்பாடு. சான்லு பதினைந்து ஆண்டுகள் நாட்டின் பால் பவுடர் விற்பனையில் முதலிடத்தில் இருந்த நிறுவனம். அதன் மலிவு விலைப் பவுடர் 400 கிராம் உறை 18 யுவானுக்குக் கிடைத்ததால் கிராமத்துக் குடும்பங்களும் நகரங்களில் கூலி வேலை செய்தவர்களும் அதையே வாங்கினார்கள். 2007 செப்டம்பரில் அரசுத் தொலைக்காட்சி அந்நிறுவனத்தைப் பற்றி ஒளிபரப்பிய நிகழ்ச்சியில், 1,100 சோதனைகளைத் தாண்டித்தான் அதன் பவுடர் வெளியே வருகிறது என்று சொல்லப்பட்டது. அந்த 1,100இல் மெலமைனுக்கான சோதனை இல்லை.

பால் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று மாடு வைத்திருந்த சிறு குடும்பங்கள், தனியார் நடத்திய கறவை நிலையங்களுக்கு மாட்டை ஓட்டிச் சென்று கறந்தார்கள். அந்த நிலையங்கள் பாலைத் திரட்டி நிறுவனங்களுக்கு விற்றன. தீவன விலை ஏறிக்கொண்டிருந்தது. 2008 ஜனவரியில் விலைவாசியைக் கட்டுப்படுத்த அரசு பால் பொருட்களின் விலை உயர்வுக்கும் கடிவாளம் போட்டது. புரதம் குறைந்தால் பால் திருப்பி அனுப்பப்படும். திருப்பி வந்த பால் முழு நட்டம். இந்த நெருக்கடி கலப்படத்தை நியாயப்படுத்தாது. ஆனால் கண்காணிப்பு எந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. தொழிற்சாலை வாசலில் ஆய்வுக்கூடம் இருந்தது. பால் கேன்கள் ஒன்றாகக் கொட்டப்பட்ட நிலையங்களிலோ எந்தத் துறையும் உறுதியாகப் பொறுப்பேற்றிருக்கவில்லை. வேளாண் துறை, தரத் துறை, சுகாதாரத் துறை, வணிகத் துறை ஆகியவற்றுக்கு இடையே பொறுப்பு சிதறிக் கிடந்தது.

ஆகஸ்ட் 2 முதல் செப்டம்பர் 11 வரை

சான்லுவுக்கு முதல் புகார்கள் 2007 டிசம்பரிலேயே வரத் தொடங்கின. நிறுவனத் தலைவர் தியென் வென்ஹுவா, 2008 மே மாத நடுவில் இந்தப் புகார்கள் தனக்குத் தெரியவந்தன என்று விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 1ஆம் தேதி, நிறுவனம் வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய 16 மாதிரிகளில் 15இல் மெலமைன் இருப்பதாக அறிக்கை வந்தது. மறுநாள் நிறுவனம் ஷிஜியாஜுவாங் நகர அரசுக்குத் தகவல் கொடுத்தது. கூடவே, பரபரப்பு ஏற்படாதபடி ஊடகங்களைக் கட்டுக்குள் வைக்க உதவ வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. ஆகஸ்ட் 8ஆம் தேதி பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்கவிருந்தது. நகர அரசு இந்தத் தகவலை மாகாண அரசுக்குக்கூட ஒரு மாதத்துக்கு மேல் தெரிவிக்கவில்லை.

ஆகஸ்ட் 13 அன்று நடந்த கூட்டத்தில் சான்லு எடுத்த முடிவுதான் இந்த வழக்கிலேயே மிகக் கொடியது என்பேன். கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாக மெலமைன் உள்ள பவுடரை விற்கலாம் என்று அந்தக் கூட்டம் வரம்பு வகுத்தது. மெலமைன் இருப்பதாகத் திருப்பப்பட்ட பாலைப் பவுடர் ஆலைக்கு அனுப்பாமல் வேறு பால் பொருட்கள் செய்யும் ஆலைகளுக்குத் திருப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 2 முதல் செப்டம்பர் 12 வரை 904 டன் பவுடர் தயாராகி, அதில் 813 டன் விற்பனையானது என்று நீதிமன்றம் பதிவு செய்தது. அறியாமல் விற்ற பவுடரைப் பற்றி வாதாட இடம் உண்டு. இந்த 813 டன்னைப் பற்றி அப்படி வாதாட ஒன்றுமில்லை.

சான்லுவில் 43 விழுக்காடு பங்கு வைத்திருந்த நியூசிலாந்தின் ஃபொன்டெரா கூட்டுறவு நிறுவனத்துக்கும் ஆகஸ்ட் 2ஆம் தேதியே விவரம் தெரியும். பொதுமக்களுக்கு அறிவித்துத் திரும்பப் பெற வேண்டும் என்று தாங்கள் வலியுறுத்தியதாகவும், உள்ளூர் அதிகாரிகள் இசையவில்லை என்றும் ஃபொன்டெரா பின்னர் கூறியது. வலியுறுத்தியது உண்மையாகவே இருக்கட்டும். ஐந்து வாரம் வாய் திறக்காமல் இருந்ததை அது ஈடுசெய்யாது. நியூசிலாந்து பிரதமர் ஹெலன் கிளார்க்குக்குச் செப்டம்பர் 5ஆம் தேதி தகவல் வந்தது. 8ஆம் தேதி அவர் உள்ளூர் அதிகாரிகளைத் தாண்டி நேரடியாகப் பெய்ஜிங்குக்குச் சொல்லும்படி உத்தரவிட்டார். அதன் பிறகே மேலிடம் அசைந்தது.

அதே வாரத்தில் கான்சு மாகாணத்தின் லான்ஜோ நகர மருத்துவமனையில் சிறுநீரகக் கல்லோடு சேர்க்கப்பட்ட 14 குழந்தைகளைப் பற்றிச் செய்திகள் வந்தன. பல நாளிதழ்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் ‘ஒரு குறிப்பிட்ட நிறுவனம்’ என்று மட்டும் எழுதிய நிலையில், ஷாங்காயிலிருந்து வெளிவந்த ஓரியண்டல் மார்னிங் போஸ்ட் இதழின் செய்தியாளர் ஜியான் குவாங்ஜோ செப்டம்பர் 11 அன்று சான்லுவின் பெயரை வெளிப்படையாக எழுதினார். எந்தப் பவுடரை நிறுத்த வேண்டும் என்பதைப் பெற்றோர் அன்றுதான் அறிந்தார்கள்.

பிறகு நடந்த நடவடிக்கை

அரசு இயந்திரம் அசையத் தொடங்கிய பின் வேகத்துக்குக் குறைவில்லை. நாடு முழுவதும் குழந்தைகள் பவுடர் தயாரித்த 109 நிறுவனங்களின் பொருட்களைச் சோதித்து, செப்டம்பர் 16 அன்று 22 நிறுவனங்களின் 69 தொகுப்புகளில் மெலமைன் இருப்பதாக வெளியிட்டார்கள். மெங்னியு, யிலி போன்ற பெரிய பெயர்களும் பட்டியலில் இருந்தன. சான்லுவின் மாதிரி ஒன்றில் கிலோவுக்கு 2,563 மில்லிகிராம் வரை இருந்தது. ஒரு வாரத்துக்குள் 109 நிறுவனங்களையும் சோதித்து முடிக்க முடிந்தது என்பதே, கருவியும் ஆட்களும் இல்லாததால் முன்பு சோதிக்கவில்லை என்ற சமாதானத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது.

சோதனை விலக்கு முறை அந்த மாதமே ஒழிக்கப்பட்டது. ஷிஜியாஜுவாங் மேயரும் நகரக் கட்சிச் செயலாளரும் பதவி இழந்தனர். தேசியத் தரக் கண்காணிப்புத் துறையின் தலைவர் லீ சாங்ஜியாங் செப்டம்பர் 22 அன்று பதவி விலகினார். 2009 ஜனவரியில் வந்த தீர்ப்பில் சாங் யூஜுனுக்கும், கலப்படப் பாலை விற்ற கறவை நிலைய உரிமையாளர் கெங் ஜின்பிங்குக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் நிறைவேற்றப்பட்டது. தியென் வென்ஹுவாவுக்கு ஆயுள் தண்டனை. சான்லுவுக்கு 4.9 கோடி யுவானுக்கு மேல் அபராதம். திவாலான அதன் சொத்துகளைப் பெய்ஜிங்கின் சான்யுவான் நிறுவனம் 61.65 கோடி யுவானுக்கு ஏலத்தில் எடுத்தது. ஃபொன்டெரா தன் முதலீட்டில் 20.1 கோடி நியூசிலாந்து டாலரை நட்டக் கணக்கில் எழுதியது.

தகவலை முடக்கிய நகர அதிகாரிகள் பதவியை மட்டும் இழக்க, தூள் விற்றவரும் பால் விற்றவரும் உயிரை இழந்தார்கள். மரண தண்டனை சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் பொறுப்பின் எடை கீழே போகப்போகக் கூடியது; அடுத்த முறை ஓர் அதிகாரி ஆகஸ்ட் 2 போன்ற நாளில் உண்மையைச் சொல்ல அஞ்சுவாரா, மறைக்க அஞ்சுவாரா என்பதற்கு இந்தத் தீர்ப்புகளில் விடை இல்லை.

பெற்றோருக்குக் கிடைத்தது இன்னும் குறைவு. 22 நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 110 கோடி யுவான் திரட்டின. அதிலிருந்து லேசான பாதிப்புக்கு 2,000 யுவான், கடுமையான பாதிப்புக்கு 30,000, இறந்த குழந்தையின் குடும்பத்துக்கு 2,00,000 என்று வகுக்கப்பட்டது; 18 வயதுவரை தொடர்புடைய நோய்களுக்கான மருத்துவச் செலவுக்குத் தனி நிதி ஒதுக்கப்பட்டது. தொகை போதாதென்று நீதிமன்றம் சென்றவர்களின் மனுக்களில் பெரும்பாலானவை ஏற்கப்படவே இல்லை. பாதிக்கப்பட்ட குழந்தை ஒன்றின் தந்தையும், குடும்பங்களை ஒன்றுதிரட்டியவருமான ஜாவோ லியான்ஹாய், பொது ஒழுங்கைக் குலைத்தார் என்ற குற்றச்சாட்டில் 2010 நவம்பரில் இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் எந்த ஏற்பாட்டிலும் முதல் தகவல் தருபவர் குழந்தையின் பெற்றோர்தான். அவரைச் சிறைக்கு அனுப்பிய செயல், தனக்கு எதிராகவே அரசு செய்துகொண்ட கேடு.

சட்டம் மாறியது. 2008 அக்டோபரில் வெளியான விதிகளின்படி பால் நிறுவனங்கள், பண்ணைகள், கறவைக்காரர் கூட்டுறவுகள் மட்டுமே பால் சேகரிப்பு நிலையங்களை நடத்தலாம். 2009 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த உணவுப் பொருளுக்கும் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இருந்தும் 2010 ஜூலையில் சிங்ஹாய் மாகாணத்தில் மெலமைன் கலந்த 76 டன் பால் பவுடரும் மூலப்பொருளும் பிடிபட்டன. 2008இல் அழித்திருக்க வேண்டிய பழைய சரக்கு மீண்டும் ஆலைக்குள் நுழைந்திருந்தது. பறிமுதல் செய்த பொருள் அழிக்கப்பட்டதா என்று கடைசிவரை நின்று பார்ப்பதும் அமலாக்கத்தின் பகுதிதான். உலகில் பல இடங்களில் அது பாதியில் கைவிடப்படுகிறது. 2011இல் எல்லாப் பால் நிறுவனங்களும் மறுபடி உரிமம் பெற வேண்டும் என்று உத்தரவானபோது 1,176இல் 643 மட்டுமே தேறின. 2010இல் வந்த புதிய தேசியத் தரமோ பச்சைப் பாலில் இருக்க வேண்டிய குறைந்தபட்சப் புரதத்தை 2.95 விழுக்காட்டிலிருந்து 2.8 ஆகக் குறைத்தது. அது தரத்தைத் தாழ்த்துவதாகச் சீனாவிலேயே கடும் கண்டனம் எழுந்தது. சிறு கறவைக்காரரின் மாடு உண்மையில் தரக்கூடிய அளவுக்கு வரம்பை வைத்தால் தூளைத் தேடும் தேவை குறையும் என்ற வாதத்தில் பொருள் உண்டு என்றே கருதுகிறேன்; அதே தரம் நுண்ணுயிர் எண்ணிக்கையின் வரம்பையும் நான்கு மடங்கு தளர்த்தியதை மட்டும் ஏற்க முடியவில்லை.

உள்நாட்டுப் பவுடர்மீது போன நம்பிக்கை உடனே திரும்பவில்லை. சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள் ஹாங்காங் கடைகளில் பவுடரை அள்ளிச் சென்றதால், 2013 மார்ச் முதல் ஒருவர் 1.8 கிலோவுக்கு மேல், அதாவது இரண்டு டின்களுக்கு மேல், வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று ஹாங்காங் அரசு சட்டம் போட்டது. அனைத்துலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2010இல் குழந்தைகள் பவுடருக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம், பிற உணவுக்கு 2.5 மில்லிகிராம் என்று மெலமைன் வரம்பை வகுத்தது.

இந்தியா 2008 செப்டம்பரிலேயே சீனப் பால் பொருட்களின் இறக்குமதியைத் தடைசெய்து, அந்தத் தடையை அடுத்தடுத்து நீட்டித்தது. துறைமுக ஆய்வகங்கள் மெலமைனைச் சோதிக்கும் திறன் பெறும்வரை தடை தொடரும் என்று 2019இல் அறிவித்தது. எல்லையில் போட்ட இந்தத் தடை சரியானதே. ஆனால் நம் ஊர்ப் பால் சங்கங்களிலும் பாலுக்கு விலை வைப்பது கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் காட்டும் எண்களை வைத்துத்தான்; தண்ணீர் கலந்த பாலில் அந்த எண் இறங்கிவிடாமல் காக்க யூரியா சேர்ப்பது இந்தியாவில் பலமுறை பிடிபட்ட கலப்படம். யூரியாவும் நைட்ரஜன் நிறைந்த பொருள். பாலில் இயல்பாகவே சிறிது யூரியா இருப்பதால் 700 பிபிஎம் (பத்து லட்சத்தில் 700 பங்கு) வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் இருக்கிறதா என்பதைத் தனிச் சோதனையால் மட்டுமே அறிய முடியும். அந்தச் சோதனை மாவட்டத் தலைநகர ஆய்வகத்தில் மாதிரிக்காகக் காத்திருப்பதைவிட, காலையில் பால் ஊற்றும் சங்கத்து மேசையிலேயே நடக்க வேண்டும். அதன் முடிவு, பால் ஊற்றியவரின் கணக்குப் புத்தகத்தில் விலையின் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.